ஒன்றரை மில்லிமீட்டர்

கடையில் எல்லோருக்கும் அவள் கட்டிங் அக்கா. முதலாளிக்கும் அக்காதான், முதலாளியைப் பெற்ற பெரியவருக்கும் அக்காதான். எழுபதைத் தாண்டிய அந்தப் பெரியவர் வாயிலிருந்து "அக்கா" என்று வரும்போது, புதிதாக வந்த வாடிக்கையாளர்கள் யாரையோ தேடுவதுபோல் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள். அவளுக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

அது ஸ்டிக்கர் கடை. முன்னறையில் கம்ப்யூட்டர், நடு அறையில் பிரிண்ட் மெஷின், பின்னறையில் நீள மேசையும் லேமினேஷன் மெஷினும் கட்டிங் மெஷினும். கண்ணாடிக் கதவுகளில் ஒட்டும் எழுத்து, வண்டிகளின் பக்கவாட்டில் ஒட்டும் படம், சுவரை அலங்கரிக்கும் பூக்கள் என்று எல்லாம் அங்கே தயாராகும். பின்னறை அக்காவின் ராஜ்ஜியம். அனுமதி கேட்காமல் அங்கே யாரும் மேசை மேல் டீ டம்ளர்கூட வைக்க மாட்டார்கள்.

அந்தக் கட்டிங் மெஷினை முதலாளி பழையதாக வாங்கியிருந்தார். வாங்கிய முதல் மாதத்திலேயே அதைத் தள்ளிவிடலாமா என்று யோசித்தார். சதுரமாக, வட்டமாக வெட்டச் சொன்னால் வெட்டும். படத்தின் ஓரத்தையொட்டி வளைந்து வளைந்து வெட்டச் சொன்னால் மட்டும் அதற்குப் பைத்தியம் பிடித்துவிடும். பூவை வெட்டச் சொன்னால் இதழில் பாதியைத் தின்றுவிடும். அக்கா அதோடு மல்லுக்கு நின்றாள். பிரிண்ட் செய்த தாளின் மூலைகளில் சின்னச் சின்னக் கறுப்புக் கட்டங்கள் இருக்கும். மெஷினின் கண் அவற்றைத் தேடிப் பார்த்து, படம் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் பிளேடை இறக்கும். மேலே ஒட்டிய லேமினேஷனின் பளபளப்பில் அந்தக் கண் கூசிப்போகிறது என்பதைக் கண்டுபிடித்தவள் அக்காதான். கட்டங்களின் மேல் பளபளப்பில்லாத டேப்பைத் துண்டு துண்டாக ஒட்டினாள். மெஷின் சாதுவாகிவிட்டது. பிளேடு எவ்வளவு இறங்க வேண்டும் என்பதும் அவளுக்குக் கைப்பாடம். படத்தையும் அதன் மேலிருக்கும் லேமினேஷனையும் அறுக்க வேண்டும், அடியிலிருக்கும் தாளில் கீறல்கூட விழக் கூடாது. ஒரு மூலையில் வெட்டிப் பார்த்து, நகத்தால் உரித்து, தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் மொத்த வேலையும்.

அக்கா கை வைத்தால் தப்பாது என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். கணவனை இழந்து, பிள்ளைகளும் இல்லாமல், அம்மாவோடு இரண்டு அறை வீட்டில் இருந்தவளுக்கு அந்த ஒரு பேச்சு எவ்வளவு பெரிய விஷயம் என்று முதலாளிக்குத் தெரிந்திருக்காது. அக்காவுக்கே அது தெரிய ரொம்ப நாளாயிற்று.

தங்கையின் கணவர் வேலை பார்த்த அச்சகம் மூடப்பட்டபோது, அக்காதான் முதலாளியிடம் பேசி அவரைக் கடைக்குக் கூட்டிவந்தாள். பிரிண்ட் மெஷின் அவர் பொறுப்பு. அக்கா அவரை மாப்ள என்று கூப்பிட, கடையே மாப்ள என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. கூரியர் கொண்டுவருகிறவர்கூட, "மாப்ள, ஒரு கையெழுத்து" என்பார். "ஒரு கல்யாணம் பண்ணேன், ஊருக்கே மாப்பிள்ளை ஆயிட்டேன்" என்று அவரும் சிரிப்பார். அதிர்ந்து பேசாத மனிதர். நிறத்தைப் பார்த்தே எந்த மை எத்தனை சொட்டு கூடிப்போயிற்று என்று சொல்லக்கூடிய கண் அவருக்கு. இரண்டு வருடம் நடு அறையும் பின்னறையும் ஒரே குடும்பமாக ஓடின.

பிறகு கடைக்கு வேலை கூடியது. இன்று கேட்டால் நாளைக்கு வேண்டும் என்கிற வாடிக்கையாளர்கள் பெருகினார்கள். முன்பெல்லாம் மாலையில் பிரிண்ட் எடுத்ததை மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் லேமினேஷனுக்கு எடுப்பார்கள். இப்போது மெஷினிலிருந்து தாள் இறங்கிய கையோடு அக்கா அதை வாங்கி, மேலே லேமினேஷனை ஒட்டி, வெட்டுவதற்கு ஏற்றிவிடுவாள். அக்காவின் வேகத்தைப் பார்த்து முதலாளிக்குத் தலை கால் புரியவில்லை.

மாப்பிள்ளை மட்டும் பின்னறை வாசலில் வந்து நின்று, இன்னும் ஒரு நாள் தொங்கவிடலாமே என்றார். மை காயவில்லை என்றார். அக்கா விரலை வைத்துத் தேய்த்துக் காட்டினாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"மேல காஞ்சிருக்கும் அக்கா. உள்ள காயல. மோந்து பாருங்க, வாசனை இன்னும் போகல. இப்ப இந்த வினைல் தாளு மெத்துனு இருக்கும். லேமினேஷன் மெஷின்ல இழுத்தா நீண்டுரும்."

அக்கா சிரித்தாள். மூக்கால் மோந்து பார்த்து வேலை செய்கிற காலம் வந்துவிட்டதா என்று கேட்டாள். நடு அறையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போய்விட்டார். பின்னால் இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். தன் வேலை மெதுவாக நடப்பதை மறைக்க ஒரு சாக்குத் தேடுகிறார் என்றுதான் அக்கா நினைத்தாள். தன் பின்னறைக்கு வந்து தனக்கே பாடம் எடுக்கிறாரே என்ற கோபமும் அதில் கொஞ்சம் உண்டு. அதை அவள் அப்போது ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள்.

தப்பு மெல்ல மெல்லத்தான் தலைகாட்டியது. சின்ன ஸ்டிக்கர்களில் ஒன்றும் தெரியவில்லை. பெரிய தாள்களில் மட்டும், நடுப்பகுதியில் இருக்கும் படங்களில், ஒரு பக்கம் நூலளவு வெள்ளை தெரிந்தது. எதிர்ப்பக்கம் படத்தின் ஓரம் அறுபட்டது. அக்கா பிளேடை மாற்றினாள். உருளைகளைத் துடைத்தாள். மெஷினின் கண்ணைத் துடைத்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளையும் நேராக ஏற்றினாள். மூலைகளில் எல்லாம் சரியாக இருந்தது, நடுவில் மட்டும் விலகியது. தன் பக்கம் தப்பில்லை என்று அவள் முடிவுகட்டியது அப்போதுதான்.

குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் சுவருக்கு நூற்றிருபது மீன்கள் வெட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு மீனும் ஒரு முழ நீளம். ஊசி போட வரும் பிள்ளைகள் மீன்களை எண்ணிக்கொண்டே நடக்க வேண்டும் என்பது அங்கிருந்த டாக்டரம்மாவின் ஆசை. இரண்டே நாளில் பிரிண்ட், லேமினேஷன், வெட்டு எல்லாம் முடிந்தது. ஒட்டப் போனவர்கள் பாதியிலேயே திரும்பிவந்தார்கள். மீன்களின் முதுகில் வெள்ளைக் கோடு, வயிற்றுப் பக்கம் செதில்களைக் காணோம். டாக்டரம்மா கோபப்படவில்லையாம். பிள்ளைகள் இதைத்தான் முதலில் கண்டுபிடிக்கும் என்று மட்டும் சொல்லி, எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போகச் சொன்னாராம்.

முதலாளி அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லோரையும் பின்னறைக்குக் கூப்பிட்டார். மேசை மேல் மீன்கள் குவிந்து கிடந்தன. உறவு, முறை எதுவும் பார்க்காமல், எங்கே தப்பு என்று சொல்லச் சொல்லி அக்காவைக் கேட்டார்.

அக்கா இரும்பு ஸ்கேலை எடுத்தாள். மிச்சமிருந்த தாளை விரித்து, மூலையிலிருந்த கறுப்புக் கட்டத்திலிருந்து நடுவிலிருந்த மீனின் மூக்குவரை அளந்தாள். கம்ப்யூட்டரில் இருந்த அளவு என்ன என்று முன்னறையிலிருந்து கேட்டு வாங்கினாள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஸ்கேல் மேல் விரலை வைத்து முதலாளியைப் பார்க்கச் சொன்னாள்.

"பிரிண்ட்தான் சரியில்ல. மெஷின் தப்பா அடிக்கிது, அத பாத்துக்கறவங்க பாக்கல. நான் அளந்து காட்டிட்டேன். வேற என்ன சொல்றது."

மாப்பிள்ளை அளவைக் குனிந்து பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறவர்போல லேமினேஷன் மெஷின் பக்கம் திரும்பினார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் வாயே திறக்கவில்லை. அந்த மௌனத்தை அக்கா ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் அவர் வேலைக்கு வரவில்லை. முதலாளி அவரைப் போகச் சொல்லவும் இல்லை, திரும்ப வரச் சொல்லிக் கூப்பிடவும் இல்லை.

தங்கை சண்டைக்கு வருவாள் என்று அக்கா எதிர்பார்த்துக் காத்திருந்தாள். வரவில்லை. போனில் அழுதாள். "உன் பேர் கெட்டுப்போற மாதிரி பண்ணிட்டாரேக்கா" என்று அழுதாள். அவள் சின்ன வயதிலிருந்து அக்கா சொன்னதைத் தாண்டி யோசித்ததில்லை. ஒரு மாதத்தில் அவர்கள் ஐந்து மணி நேரப் பயணத்தில் இருக்கும் வேறோர் ஊருக்குப் போய்விட்டார்கள். அங்கே மாப்பிள்ளைக்குக் குளிர்பதனக் கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தங்கை போன் செய்வாள். கணவருக்கு எதிலும் பொறுப்பில்லை, கண் முன்னால் இருந்த நல்ல வேலையைக் கவனக்குறைவால் தொலைத்துவிட்டார், இப்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரே பாட்டு. கேட்பதற்கு அக்காவுக்குச் சங்கடமாக இருக்கும். ஆனாலும் அந்தச் சங்கடத்தின் அடியில் எங்கேயோ, நாம் சொன்னது சரிதான் என்று ஒரு சின்னத் திருப்தியும் இருந்தது. பின்னாளில் அவளைத் தூங்கவிடாமல் செய்தது அந்தத் திருப்தியின் நினைவுதான்.

பிரிண்ட் மெஷினுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். வாயாடி. யாராக இருந்தாலும் முகத்துக்கு நேராகப் பேசிவிடுவாள். முதல் மூன்று மாதம் கடையில் சின்னச் சின்ன வேலைகள்தான் வந்தன, பாட்டில் லேபிள்களும் வெறும் எழுத்துகளும். வெட்டு பிசகவே இல்லை. தப்பு மாப்பிள்ளையோடு போய்விட்டது என்று முதலாளி சொன்னார். அக்காவும் தலையாட்டினாள்.

நான்காம் மாதம் ஒரு நீச்சல் குளத்துக்காரர்கள் தரையில் ஒட்டுவதற்குப் பாத வடிவங்கள் கேட்டார்கள். உடை மாற்றும் அறையிலிருந்து குளம்வரை வழி காட்டும் நீல நிறப் பாதங்கள். பெரிய தாள்கள், கனமான லேமினேஷன், அவசரம். அக்கா வெட்டி, ஓரத்து மிச்சத்தை உரித்தாள். நடுவிலிருந்த பாதங்களின் குதிகாலில் பிறை மாதிரி ஒரு வெள்ளை. எதிர்ப்பக்கம் கட்டை விரலில் பாதியைக் காணோம்.

அக்கா ஸ்கேலை எடுத்துக்கொண்டு நேராக நடு அறைக்குப் போனாள். போன தடவை சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னாள். புதியவள் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ஒட்டினதுக்கப்புறம் அளந்தா அது உங்க அளவு. என் கையிலேர்ந்து போறப்ப அளந்தீங்களா?"

இல்லை என்பதுதான் பதில். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட, லேமினேஷன் ஒட்டுவதற்கு முன்னால் அவள் ஸ்கேலை வைத்ததில்லை.

அன்று மாலை ஒரே படத்தை இரண்டு தாளில் அடித்துத் தரச் சொன்னாள். இரண்டையும் அப்போதே அளந்தாள். கம்ப்யூட்டரில் இருந்த அளவு அப்படியே இருந்தது, ஒரு மயிரிழை பிசகவில்லை. ஒரு தாளில் உடனே லேமினேஷன் ஒட்டி அளந்தாள். மூலைகளில் பெரிதாக ஒன்றுமில்லை. நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டிருந்தது. இன்னொரு தாளைக் கயிற்றில் தொங்கவிட்டாள். மறுநாள் மாலை அதை முகர்ந்து பார்த்தாள், மை வாசனை அடங்கியிருந்தது. லேமினேஷன் ஒட்டி அளந்தாள். அளவு மாறவில்லை. வெட்டிப் பார்த்தாள். பாதங்கள் ஓரத்தில் ஒரு வெள்ளையும் இல்லாமல் முழுசாக வந்தன.

இரண்டு தாள்களையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தாள். மெஷின் மூலைக் கட்டங்களை நம்பி வெட்டியிருக்கிறது. மூலைகள் உண்மை சொல்லின. நடுப்பகுதியை இழுத்து நீட்டியது அவள் கை, அவள் அவசரம். அன்று மாப்பிள்ளை லேமினேஷன் மெஷின் பக்கம் ஏன் திரும்பினார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் எல்லோர் முன்னாலும் முதலாளியிடம் சொன்னாள். மீன்கள் கெட்டதற்குத் தான்தான் காரணம், மாப்பிள்ளைமேல் ஒரு தப்பும் இல்லை என்றாள். சொல்லி முடித்தால் திட்டுவார், அதை வாங்கிக்கொள்ளலாம் என்று மனதைத் தயார்படுத்தி வைத்திருந்தாள். முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, போனது போகட்டும் அக்கா, இப்பவாவது தெரிந்ததே என்றார். தெரிந்தது நல்லது என்று சந்தோஷப்பட்டார் என்றே சொல்ல வேண்டும். மாப்பிள்ளையைத் திரும்பக் கூப்பிடலாமா என்று கேட்டாள். வந்தால் இரண்டாவது மெஷின் போட யோசித்துக்கொண்டிருக்கிறேன், வரச் சொல்லுங்கள் என்றார்.

அந்த வாரமே ஒரு நாள் விடிந்ததும் பஸ் ஏறினாள். பஸ்ஸில் ஐந்து மணி நேரமும் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். தங்கை கோபப்பட்டால் இப்படி, மாப்பிள்ளை கத்தினால் அப்படி என்று.

தங்கை வீடு ஒரு மாடியில் இருந்தது. வராந்தா கொடி முழுக்கத் துணி. தங்கை கட்டிலில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறாயே என்று பூரித்துப்போனாள். தண்ணீர் கொடுத்தாள். கொடுத்த கையோடு ஞாயிற்றுக்கிழமைப் பாட்டைத் தொடங்கினாள். அக்கா அவளைப் பாதியில் நிறுத்தி, நடந்ததைச் சொன்னாள். தங்கைக்கு முதலில் புரியவில்லை. அளந்து காட்டினேன் என்று நீதானே சொன்னாய் என்றாள். கொடியிலிருந்த ஈரச் சட்டை ஒன்றைக் காட்டி, இதை இப்போது இழுத்துப் பிடித்துத் தேய்த்தால் எப்படி நீண்டுபோகுமோ அப்படித்தான் என்றாள் அக்கா. நீண்ட பிறகு அளந்துவிட்டு, தைத்தவர்மேல் பழி போட்டுவிட்டேன் என்றாள்.

தங்கை மடித்த சட்டையைப் பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"அன்னிக்கி நான் அவர்கிட்ட கேட்டேன், எங்க அக்கா என்ன பொய்யா சொல்லுவான்னு. இல்ல, அக்கா பொய் சொல்ல மாட்டாங்கன்னார். அதுக்கு மேல ஒண்ணுமே சொல்லல. நான் அவரே ஒத்துக்கிட்டார்னு நெனச்சேன். அதுக்கப்புறம் நான் அவர என்னென்ன பேசினேன் தெரியுமாக்கா உனக்கு?"

அக்காவுக்குத் தெரியும். மாதக்கணக்காக ஞாயிறுதோறும் கேட்டவள் அவள்தானே.

மாப்பிள்ளை மூன்று மணிக்கு வேலை முடிந்து வந்தார். ஆள் இளைத்திருந்தார். கிடங்கில் போடுகிற கனமான கோட்டு கையில் தொங்கியது. படியேறி வந்தவர் இடுப்பில் ஒரு கையை ஊன்றி நின்று, "வாங்க அக்கா" என்றார். எதுவும் நடக்காததுபோலத்தான் சொன்னார். அக்கா எழுந்து நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். இரண்டு தாள், உடனே ஒட்டியது, தொங்கவிட்டது, அளந்தது எல்லாம். மன்னிப்பு என்ற வார்த்தை வரைக்கும் வந்து, அதைச் சொல்லாமலே நிறுத்தினாள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "எவ்வளவு நீண்டிருந்தது?" என்றார்.

"நடுவுல ஒன்றரை மில்லி."

"நான் ரெண்டு இருக்கும்னு நெனச்சேன்." கோட்டை நாற்காலியில் போட்டார். "லேமினேஷன் ரோல இழுத்துப் பிடிக்கிற பிரேக்கையும் கொஞ்சம் லூஸ் பண்ணிப் பாருங்க. அது ரொம்ப டைட்டு. அன்னிக்கே பாத்தேன்."

அப்போதுதான் அக்கா உடைந்தாள். அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். தெரிந்துகொண்டே ஏன் அன்று வாயைத் திறக்கவில்லை என்று அழுகையோடு கேட்டாள். மூன்று தடவை சொன்னேனே அக்கா என்றார் அவர். நாலாவது தடவை சொல்லியிருந்தால், முதலாளி முன்னால் உங்களுக்கும் எனக்கும் போட்டி மாதிரி ஆகியிருக்கும். இரண்டில் ஒருத்தர் போக வேண்டும் என்று வந்திருக்கும். அப்படி ஒரு போட்டியில் ஜெயித்து இந்த வீட்டில் நான் எந்த முகத்தோடு உட்காருவது என்றார். தங்கை தலை நிமிராமல் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி கூப்பிட்டிருக்கிறார், இரண்டாவது மெஷின் வரப்போகிறது என்று அக்கா சொன்னாள். அவர் யோசிக்கக்கூட இல்லை.

"வேணாம்க்கா. அங்க வந்தா, என்ன பாக்கறப்பெல்லாம் உங்களுக்கு இதுதான் ஞாபகம் வரும். எனக்கும் வரும். ஒரே கடையில தெனமும் அது எதுக்கு?"

அக்கா அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்று தங்கை ஒரு தடவைதான் சொன்னாள். மற்ற நாளாக இருந்தால் பத்துத் தடவை சொல்லியிருப்பாள்.

கடையில் பிரேக்கைத் தளர்த்திப் பார்த்தாள். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. நடு அறையில் குறுக்காகக் கம்பி கட்டி, அடித்த தாளை ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டால்தான் தொடுவேன் என்று நிபந்தனை போட்டாள். முதலாளி முதலில் முணுமுணுத்தார். வேலை திரும்பி வருவது நின்றதும் முணுமுணுப்பும் நின்றது. அக்கா கை வைத்தால் தப்பாது என்று மறுபடி சொல்ல ஆரம்பித்தார். முன்பு அதைக் கேட்டால் அவளுக்கு நெஞ்சு நிமிரும். இப்போது அவர் அதைச் சொல்ல ஆரம்பித்ததும் உள்ளே ஏதாவது வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் வருவது நின்றுபோனது. ஒரு மாதம் பொறுத்துவிட்டு அக்காவே போன் செய்தாள். தங்கை நன்றாகத்தான் பேசினாள். அம்மாவின் மருந்தைப் பற்றிக் கேட்டாள். வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை, ஒரு வார்த்தை நிறைவாகவும் சொல்லவில்லை. அவர்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள், தங்கை அவரிடம் மன்னிப்பு கேட்டுக்கொண்டாளா, அவர் என்ன சொன்னார் என்பதெல்லாம் அக்காவுக்குத் தெரியாது. அதைக் கேட்கும் தகுதியைத் தானே தொலைத்துவிட்டதாக நினைத்தாள்.

போன மாதம் பேசும்போது, வைப்பதற்கு முன்னால் தயங்கித் தயங்கி, "மாப்ள இருக்காரா, ஒரு வார்த்த பேசட்டுமா?" என்று கேட்டாள்.

"தூங்கறார்க்கா" என்றாள் தங்கை.

காலை பதினோரு மணி. கிடங்கில் ஷிப்ட் மாறியிருக்கலாம், மாறாமலும் இருக்கலாம். அக்கா அதைக் கேட்கவில்லை. சரி, தூங்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.